எண்ணுக்கும் ஆண்டு வேண்டும்

கலைக்களஞ்சியக் கட்டுரையில் ஓரூரின் வரலாற்றை எழுதுதல் அரிது, அதன் மக்கட்டொகையை எழுதுதல் எளிது என்பது பலர் கருத்து. வரலாற்றுக்குப் பல நூல்களை ஆராய்தல் வேண்டும். தொகைக்கோ ஓரெண்ணைப் பெயர்த்தெழுதினாற் போதும் என்பர். எம் தமிழ்த்துறை மாணவர் சிலர் கூடி மாவட்டங்களைப் பற்றிய சிறு களஞ்சியம் ஒன்றைத் தொகுத்து வருகின்றோம். திருநெல்வேலி என் பங்காக வந்தது. வரலாற்றுப் பகுதி மூன்று நாளில் முடிந்தது. தொகையைக் குறிக்கும் ஒரு வரியோ என்னை இரண்டு கிழமை நிறுத்திவைத்தது. அப்போது யான் அறிந்தவற்றை நம் இதழின் அன்பர்கட்குக் கூற விழைகின்றேன்.

அரசாங்கத்தார் 2011-ஆம் ஆண்டில் வீடுதோறும் சென்று எடுத்த குடிக்கணக்கின்படி, திருநெல்வேலி மாவட்டத்தார் 30,77,233 பேர். ஆயின், 2019 நவம்பர் 22-இல் தென்காசி தனி மாவட்டமாகப் பிரிந்தது. திருநெல்வேலியின் பெயர் மாறவில்லை, எல்லை மாறிற்று. அப்பழைய எண்ணை இன்றைய மாவட்டத்தின் பரப்புக்கு அருகே எழுதின், எண்ணும் மெய், பரப்பும் மெய். அவ்விரண்டையும் இணைக்கும் வாக்கியமே பொய்யாகும்.

இனி, ஒரே கணக்கிலும் இரண்டு தொகை உண்டு. 2011-இல் முதற்கண் வெளிவந்த தற்காலிகக் கணக்கில் தமிழ்நாட்டின் தொகை 7,21,38,958. பின்னர் வெளிவந்த இறுதிக் கணக்கில் 7,21,47,030. வேறுபாடு 8,072 பேர். இரண்டும் இன்றும் நூல்களிலும் இணையத்திலும் உலவுகின்றன. ஓரெண் பத்து இடங்களிற் காணப்படுதலும் சான்றாகாது. ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டிருத்தல் கூடும். ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கி மூலபாடத்தைத் தேடும் நெறி தமிழ் பயில்வோர்க்குப் புதிதன்று. எண்ணுக்கும் அந்நெறியே வேண்டும்.

எண்ணிக் கண்ட தொகை வேறு. கணித்துக் கண்ட தொகை வேறு. 2021-இல் நிகழவேண்டிய குடிக்கணக்கு கொள்ளைநோயால் தள்ளிவைக்கப்பட்டது. 2027 மார்ச்சு 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு அடுத்த கணக்கு எடுக்கப்படும் என 2025-இல் அறிவிப்பு வந்தது. இடைக்காலத்தில் அறிஞர், பழைய தொகையோடு பிறப்பையும் குடியேற்றத்தையும் கூட்டி, இறப்பையும் வெளியேற்றத்தையும் கழித்துக் கணிக்கின்றனர். 2011-இல் 121 கோடியாக எண்ணப்பட்ட இந்திய மக்கள், ஐக்கிய நாடுகள் அவையாரின் கணிப்பின்படி 2024-இல் ஏறத்தாழ 145 கோடி. முன்னது பழையது, ஆனால் எண்ணப்பட்டது. பின்னது புதியது, ஆனால் கணிக்கப்பட்டது. எதனை எழுதினும் அஃது இன்னதென்று கூறாது விடுதல் படிப்போரை மயக்குவதாம்.

இத்துணை நுணுக்கம் எற்றுக்கு எனச் சிலர் வினவலாம். 2011-இல் யான் ஐந்து வயதுச் சிறுவன். அக்கணக்கில் யானும் ஒருவன். அடுத்த ஆண்டு பிறந்த என் தங்கைக்கு அதில் இடமில்லை. மறைந்த என் பாட்டனாரோ அதில் இன்றும் வாழ்கின்றார். இஃது ஒரு வீட்டின் செய்தியாயின் புன்னகையோடு விட்டுவிடலாம். 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி மானிய தானியம் பெறுவோர் தொகையோ 2011-ஆம் ஆண்டுக் கணக்கைக் கொண்டே வரையறுக்கப்பட்டது. அதன்பின் மக்கள் பெருகினர், வரையறை பெருகவில்லை. பழைய எண்ணை ஆண்டு குறியாது, இன்றைய எண்போல எழுதுவோர், எண்ணப்படாத அம்மக்களை இரண்டாம் முறையும் மறைக்கின்றனர்.

ஆதலின், "2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின் இறுதித் தொகை, தென்காசி பிரியுமுன் இருந்த எல்லைப்படி, 30,77,233" என்றே என் கட்டுரையில் எழுதினேன். வரி நீண்டது எனத் தோழர் ஒருவர் குறைகூறினார். நீளட்டும் என்றேன்.

இனி எழுதப்புகும் இளைய மாணவர், எவ்வெண்ணைக் கண்டாலும், எண்ணியவர் யாவர், எண்ணிய ஆண்டு யாது, எண்ணிய எல்லை யாது என்னும் மூன்றையும் வினவுக. மூன்றற்கும் விடை தரும் எண்களுள் அண்மையதைக் கொள்க. விடை தராத எண் எத்துணைப் புதிதாயினும் அதனைத் தள்ளுக.