டர்போ காருக்கு எவ்வளவு பலமான கிளட்ச் போடலாம்? ஒரு எலும்பு டாக்டரின் அனுபவம்

போன வாரம் ஒரு தம்பி இன்பாக்ஸில் கேட்டிருந்தார். "சார், டர்போ காரை ரீமேப் பண்ணிட்டேன். கிளட்ச் வழுக்குது. ஸ்டேஜ் 3 போடலாமா, ஸ்டேஜ் 4 போடலாமா?"

தம்பி, பதிலுக்கு முன்னாடி என் கதையைக் கேளுங்க. நான் எலும்பு மூட்டு டாக்டர், மெக்கானிக் இல்லை. ஆனா ஒரு நல்ல கியர்பாக்ஸை என் கையாலேயே கொன்ன அனுபவம் இருக்கு. த்ரெட் கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கோங்க.

கார் ஒரு பழைய 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் செடான். அஞ்சு கியர், மேனுவல். கம்பெனி கொடுத்த டார்க் 210 நியூட்டன் மீட்டர். ரீமேப் பண்ணினதும் 300-ஐத் தொட்டுச்சு. ரெண்டு மாசம் சொர்க்கம். அப்புறம் வழுக்க ஆரம்பிச்சுது.

வழுக்குதான்னு எப்படிப் பார்க்கறது? காலி ரோட்டில் நாலாவது கியரில் 2000 ஆர்பிஎம்மில் இருந்து ஆக்சிலரேட்டரை முழுசா மிதிங்க. பூஸ்ட் ஏறும் இடத்தில் ஆர்பிஎம் முள் மட்டும் சட்டுன்னு எகிறி, வேகம் அதோட சேர்ந்து ஏறலைன்னா கிளட்ச் வழுக்குதுன்னு அர்த்தம். முதல் ரெண்டு கியரில் இது தெரியாது. அங்கே லோடு குறைவு, ஆர்பிஎம்மும் சீக்கிரம் ஏறிடும்.

கடைக்குப் போனேன். பேர் வேண்டாம். "ஸ்டேஜ் 3 போட்ருங்க சார், ஜென்மத்துக்கும் வழுக்காதுங்க" என்றார் தம்பி. ஜென்மத்துக்கும் வழுக்காதுன்னு கேட்டதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். போட்டேன். ஆறு செராமிக் பக் வச்ச டிஸ்க், நடுவில் ஸ்பிரிங் கிடையாது, மேலே ரொம்ப கெட்டியான பிரஷர் பிளேட்.

உண்மையிலேயே வழுக்கலை.

நாலாவது மாசம், ஒரு ஞாயிறு ராத்திரி. ஈரோட்டில் கல்யாண ரிசப்ஷன் முடிச்சு நானும் வீட்டம்மாவும் கோவைக்குத் திரும்பிட்டு இருந்தோம். கணியூர் டோல்கேட் கிட்ட வரும்போது ஆஸ்பத்திரியில் இருந்து போன். பைக் ஆக்சிடென்ட், கால் எலும்பு முறிஞ்சு தோலைக் கிழிச்சு வெளியே வந்திருக்கு. நான்தான் அன்னைக்கு ஆன்-கால். டோலைத் தாண்டினதும் அவசரத்தில் முதல் கியரில் நல்லா ஏத்தி, ரெண்டாவது போட்டு, கிளட்ச்சைப் படக்குன்னு விட்டேன்.

டமார்னு ஒரு சத்தம். அப்புறம் கடகடகடன்னு அரைக்கிற சத்தம். எஞ்சின் ஓடுது, வண்டி நகரலை. இறங்கிப் பார்த்தா ரோடெல்லாம் கியர் ஆயில்.

காய்கறி ஏத்திட்டு வந்த ஒரு மினி லாரியில் லிஃப்ட் கேட்டுப் போய்ச் சேர்ந்தேன். 50 நிமிஷம் லேட். நல்லவேளை, ஜூனியர் டாக்டர் எனக்காகக் காத்திருக்காம ஆன்டிபயாடிக் போட்டு, காயத்தைக் கழுவ ஆரம்பிச்சிருந்தார். அந்தப் பையன் இன்னைக்கு நடக்கிறான். அதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை.

கியர்பாக்ஸைப் பிரிச்சப்போ பக்கத்தில் நின்னு பார்த்தேன். இந்த வகை பெட்டியில் டிஃபரன்ஷியலின் பெரிய பல்சக்கரத்தை ரிவெட் அடிச்சுத்தான் மாட்டியிருப்பாங்க. ரிவெட் அறுந்து, சுத்தின வேகத்தில் கேஸிங்கைக் குத்தி ஓட்டை போட்டிருந்துச்சு. வெள்ளிக் கலர் அலுமினியத்தில் விரல் நுழையற அளவு ஓட்டை. கிளட்ச் மட்டும் புதுசு மாதிரி பளபளன்னு இருந்தது.

இதை நான் ஓ.பி.யில் வாரா வாரம் பார்க்கிறேன். பெரியவங்களுக்குக் கணுக்கால் மடங்கினா பெரும்பாலும் லிகமென்ட் கிழியும். அதே மாதிரி பத்து வயசுப் பையன் மடங்கி விழுந்தா, பல சமயம் எலும்பின் வளர்ச்சித் தட்டுதான் விலகும். ஏன்னா அந்த வயசில் லிகமென்ட், வளர்ச்சித் தட்டை விடப் பலமா இருக்கும். விசை எங்கேயாவது வெளியே போயாகணும், இருக்கிறதிலேயே பலவீனமான இடத்தைத் தேடிப் போகும். வழுக்குற கிளட்ச்தான் என் காரில் அந்த இடமா இருந்துச்சு. நான் அதைப் பலமாக்கினேன், அது ரிவெட்டைத் தேடிப் போச்சு.

சரி, கணக்குக்கு வருவோம். சின்னக் கணக்குதான், பயப்படாதீங்க.

கிளட்ச் தாங்குற டார்க் = உராய்வுக் குணகம் × பிரஷர் பிளேட் அழுத்தும் விசை × டிஸ்கின் சராசரி ஆரம் × உராயும் முகங்களின் எண்ணிக்கை.

உதாரணத்துக்கு ஒரு சாதா ஆர்கானிக் டிஸ்க். குணகம் 0.3, விசை 6000 நியூட்டன், ஆரம் 0.095 மீட்டர், முகம் 2. பெருக்கினா 342 நியூட்டன் மீட்டர். இப்போ செராமிக், குணகம் 0.45, விசை 8000-னு வைங்க. 684!

என் எஞ்சின் தர்றது 300. மிச்ச 384 எங்கே இருந்து வரும்னு கேக்கறீங்களா? ஃபிளைவீலில் இருந்து. 5000-ல் சுத்துற அந்த இரும்புச் சக்கரம் நிறைய சக்தியைச் சேர்த்து வச்சிருக்கும். கிளட்ச்சைப் படக்குன்னு விட்டா அது மொத்தமும் கண் இமைக்கிற நேரத்தில் கியர்பாக்ஸுக்குள் பாயும். சாதா கிளட்ச் 342-க்கு மேல வந்தா வழுக்கி, கொஞ்சம் நாத்தம் அடிச்சு, பெட்டியைக் காப்பாத்தும். என் கிளட்ச் 684 வரைக்கும் ஒரு துளி விடாம அப்படியே உள்ளே அனுப்பும். அதிர்ச்சியை உறிஞ்ச நடுவில் ஸ்பிரிங் கூடக் கிடையாது.

டயர் வழுக்கினா அதுவும் ஒரு ஃபியூஸ்தான். நாலு சக்கரமும் இழுக்கிற காரில் அந்தத் தயவும் கிடையாது. 2002 காலத்து சுபாரு டபிள்யூ.ஆர்.எக்ஸ் அஞ்சு கியர் பெட்டிக்கு அமெரிக்காவில் கண்ணாடிப் பெட்டின்னே பட்டப்பேர் வந்ததுக்கு ஒரு காரணம் இது. அதிலும் எஸ்.டி.ஐ-யின் ஆறு கியர் பெட்டி தாங்கும்.

அதனால தம்பி, ஸ்டேஜ் நம்பரைத் தூக்கிப் போடுங்க. அதுக்கு எந்தப் பொது அளவும் கிடையாது. ஒருத்தரோட ஸ்டேஜ் 2 இன்னொருத்தருக்கு ஸ்டேஜ் 3. "எத்தனை நியூட்டன் மீட்டர் தாங்கும்?"னு மட்டும் கேளுங்க. டைனோவில் அளந்த உங்க உச்ச டார்க்குக்கு மேல 15-20 சதவீதம் போதும்னு நான் நினைக்கிறேன். ரெண்டு மடங்கு வாங்கறது பெருமைக்கு.

அதைவிட முக்கியம், பெட்டி எவ்வளவு தாங்கும்? சில கம்பெனிகள் பேரிலேயே சொல்லிடும். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் எம்.கியூ. 200-ல் 200-ங்கறது நியூட்டன் மீட்டர், எம்.கியூ. 350-ல் 350. பெட்டியின் அளவை உங்க டார்க் எப்பவோ தாண்டிட்டா, கிளட்ச் கடைக்குப் போகாதீங்க, ரீமேப் பண்ணினவர்கிட்ட போங்க. முதல் ரெண்டு கியரில் டார்க்கைக் குறைக்கவும், குறைந்த ஆர்பிஎம்மில் பூஸ்ட்டை மெதுவா ஏத்தவும் பல கார்களில் சாஃப்ட்வேரிலேயே முடியும். ஓட்டும்போது பெரிசா வித்தியாசம் தெரியாது.

நான் இப்போ போட்டிருக்கிறது ஸ்பிரிங் வச்ச ஆர்கானிக் டிஸ்க், கொஞ்சம் மட்டும் கெட்டியான பிரஷர் பிளேட். ட்வின் டிஸ்க் ஆசை இருந்துச்சு. நாலு முகம் இருக்கறதால பெடல் லேசா இருந்தும் நிறைய தாங்கும். ஆனா விலை அதிகம், டிஸ்க் எடை கூடினா சின்க்ரோவுக்கும் வேலை கூடும், எனக்குத் தேவையும் இல்லை. ரொம்ப கெட்டியான பிரஷர் பிளேட் கிராங்க்ஷாஃப்டின் த்ரஸ்ட் பேரிங்கையும் தேய்க்கும். அவிநாசி ரோடு டிராஃபிக்கில் அந்தப் பெடலை மிதிச்சு என் இடது முட்டி வலிச்சதையும் சொல்லணும். என்கிட்ட வர்ற நோயாளியா இருந்தா காரை மாத்துங்கன்னு சொல்லியிருப்பேன்.

புதுக் கிளட்ச் போட்டா ரிலீஸ் பேரிங்கைச் சேர்த்து மாத்துங்க, ஃபிளைவீல் முகத்தைச் சீர் பண்ணுங்க. முதல் 800 கிலோமீட்டர் டவுனுக்குள்ளேயே, ஃபுல் பூஸ்ட் இல்லாம.

வேற கியர்பாக்ஸ் சென்னை புதுப்பேட்டையில் கிடைச்சு, பார்சல் லாரியில் வந்துச்சு. இந்தத் தடவை ரிவெட்டை எடுத்துட்டு போல்ட் போட்டுத்தான் மாட்டினோம்.

வீட்டம்மா அன்னைக்கு டோல்கேட் ஓரமா நின்னுட்டுக் கேட்டாங்க, "பழைய கிளட்ச்சே இருந்திருந்தா மெதுவாவாவது போயிருக்கலாம்ல?" போயிருக்கலாம்.

சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க. எந்த பிராண்ட்னு மட்டும் கேக்காதீங்க. அளந்த டார்க்கையும் கியர்பாக்ஸ் கோடு நம்பரையும் போடுங்க. ஓ.பி. முடிஞ்சதும் பதில் போடறேன்.