நம் பிள்ளைக்கு ஆகாத பிரேக்



சைக்கிள் பிரேக்கைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று வாசிக்கும் சகோதர சகோதரிகள் எண்ணக்கூடும். நாங்களும் அப்படித்தான் எண்ணினோம். கடையில் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் முடியும் வேலை என்று நினைத்த ஒன்று, மூன்று வாரங்கள் எங்கள் வீட்டுப் பேச்சாக நீடித்து, கடைசியில் எங்கள் மனத்தின் ஓர் அழுக்கு மூலையை எங்களுக்கே காட்டிவிட்டது.

இராஜபாளையத்தில் வசிப்பவர்களுக்கு மேற்கே பார்த்தால் மலைதான். அந்த மலையைப் பார்த்து வளர்ந்த எங்கள் மகன், பத்தாம் வகுப்பு முடித்த விடுமுறையில் மலைச் சைக்கிள் கேட்டான். ஊரார் ‘கியர் சைக்கிள்’ என்று சொல்வது. பருத்த டயர்களும், இரு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக்கும் கொண்ட ஒன்றை 14,000 ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்தோம். பெயரில் மலை இருந்தாலும் அது மலை ஏறியதில்லை. 1988-இல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்தக் காடு, 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதி. வனத்துறையின் அனுமதியின்றி உள்ளே செல்ல இயலாது. ஆகவே எங்கள் பயணமெல்லாம் அடிவாரத்தோடு சரி. ஞாயிற்றுக்கிழமைகளில் சுப்ஹுத் தொழுகை முடிந்ததும், எங்களில் ஒருவர் கம்பி பிரேக் வைத்த பழைய சைக்கிளிலும் மகன் தன் சைக்கிளிலும் கிளம்புவது வழக்கம். சில வாரங்கள் அய்யனார் அருவிப் பக்கம்; சில வாரங்கள் மம்சாபுரம் வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர் சென்று, அங்கிருந்து செண்பகத்தோப்பு. திரும்பும்போது வீட்டுக்குக் கொஞ்சம் பால்கோவா.

அப்படி ஒரு ஞாயிறு, செண்பகத்தோப்பிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தோம். மாந்தோப்புகளுக்கு நடுவே சாலை ஊரை நோக்கி மெல்லச் சரிகிறது. முன்னால் சென்ற மகனுக்குக் குறுக்கே ஓர் ஆட்டு மந்தை வந்தது. அவன் இரண்டு லீவர்களையும் சேர்த்துப் பிடித்தான். கிறீச்சென்ற சத்தம் எழுந்ததே தவிர வேகம் குறையவில்லை. சைக்கிளைச் சாலையோர மண்ணில் திருப்பி, தோப்பின் வேலியில் மோதி நின்றான். முழங்கையில் சிராய்ப்பு; அவ்வளவுதான். அல்ஹம்துலில்லாஹ். எதிரே வந்தது ஆடுகளாக இல்லாமல் மினி பஸ்ஸாக இருந்திருந்தால் என்ற எண்ணம் அன்றிரவு எங்கள் இருவரையும் தூங்க விடவில்லை.

மறுநாளே விசாரிக்கத் தொடங்கினோம். எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. பிரேக் கட்டைகளையும் கேபிளையும் மட்டும் மாற்றுவது முதல் வழி; 1,000 ரூபாய்க்குள் முடியும். கேபிளுக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாறுவது இரண்டாவது. மகனின் நண்பர்கள் சிலர் அதைத்தான் வைத்திருந்தார்கள். முன்னும் பின்னும் சேர்த்து 5,000 ரூபாயை ஒட்டி விலை சொன்னார்கள். அத்தோடு நிற்கவில்லை. எங்கள் சைக்கிளில் கியர் மாற்றும் விசையும் பிரேக் லீவரும் ஒரே உறுப்பாக இணைந்தவை. பிரேக்கை மாற்றினால் கியர் விசைகளையும் தனியே வாங்கவேண்டும். அந்தச் செலவோடு சேர்த்துப் பார்த்தபோது மூன்றாவது வழி தானாக எழுந்தது: இதை விட்டுவிட்டுப் புதிய சைக்கிளே வாங்கிவிடலாமே?

அப்போதுதான் அந்தச் சொல் எங்கள் வாயில் வந்தது. தெருவில் ஒரு மாணவன் தினமும் பள்ளிக்கு நடந்து போகிறான். “இந்தச் சைக்கிளை அந்தப் பிள்ளைக்குக் கொடுத்துவிடலாம், ஸதகாவாக இருக்கும்” என்று பேசிக்கொண்டோம். பேசியபோது எங்களுக்கு நிறைவாகவும் இருந்தது. செலவு செய்வதற்கு ஒரு காரணம் கிடைத்தது. அந்தக் காரணம் நன்மையின் உடையையும் அணிந்திருந்தது.

மகன் கேட்டான்: “பிரேக் பிடிக்காதே அத்தா, அவன் எப்படி ஓட்டுவான்?”

எங்களிடம் பதில் இல்லை. நம் பிள்ளை ஏறக்கூடாது என்று ஒதுக்கிய வண்டியில் இன்னொருவர் பிள்ளையை ஏற்றிவிட்டு, அதற்கு மறுமையில் கூலியும் எதிர்பார்த்திருக்கிறோம். சூரா அல்பகராவின் 267-ஆம் வசனம், நமக்கே ஒருவர் தந்தால் கண்ணை மூடிக்கொண்டன்றி வாங்கமாட்டோம் என்ற தரத்திலுள்ள பொருளை அல்லாஹ்வின் பாதையில் கொடுக்க நாடவேண்டாம் எனத் தடுக்கிறது. எத்தனை ரமளானில் அந்த வசனத்தைக் கடந்து ஓதியிருப்போம்! அது கிழிந்த துணியையும் சொத்தைப் பேரீச்சம்பழத்தையும் பற்றியது என்றே இருந்துவிட்டோம்.

விற்றுவிடலாம் என்றாலும் கணக்கு மாறவில்லை. சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியிடம் கேட்ட செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. பிரேக்கின் குறையைச் சொல்லி விற்றால் வாங்க ஆளில்லை. சொல்லாமல் விற்க மார்க்கத்தில் இடமில்லை. ஆக, கொடுப்பதானாலும் விற்பதானாலும் வைத்துக்கொள்வதானாலும், முதலில் அந்தப் பிரேக் பிடிக்கவேண்டும்.

பஜாரில் சைக்கிள் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டு போனோம். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, நடுவிலுள்ள இரும்புத் தட்டை விரலால் தொட்டு, விரலை எங்கள் பக்கம் நீட்டினார். பிசுபிசுவென எண்ணெய். “யார் பாய் இதுல எண்ணெய் அடிச்சது?” என்றார்.

அடித்தது நாங்கள்தான். சில வாரங்களுக்கு முன் பிரேக் கீச்சிடுகிறது என்று மகன் சொன்னபோது, செயினுக்கு அடித்த எண்ணெயை இரண்டு தட்டுகளிலும் அடித்திருந்தோம். சத்தம் நின்றது, நல்ல வேலை செய்தோம் என்று எண்ணிக்கொண்டோம். தட்டும் கட்டையும் உராய்வதால்தான் சைக்கிள் நிற்கிறது. எண்ணெய் அந்த உராய்வையே எடுத்துவிடும். நாட்கள் செல்ல எண்ணெய் கட்டைக்குள் ஊறியதும், சத்தம் திரும்பி வந்தது, பிடிப்பு வரவில்லை. மூன்று வாரமாக நாங்கள் குறைகூறிக்கொண்டிருந்த பிரேக்கின் மீது குற்றமே இல்லை.

பெரியவர் வேலையை விளக்கியபடியே செய்தார். எண்ணெய் குடித்த கட்டைகளை உப்புத்தாளால் தேய்த்தாலும் நம்ப முடியாது, மாற்றுவதே சரி. தட்டுகளை வெர்னியரால் அளந்தார். 1.5 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் மாற்றவேண்டும் என்று தட்டிலேயே பொறித்திருந்தது, எங்களுடையது 1.7 இருந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த சுத்தமான துணியால் துடைத்ததும் அவை தேறிவிட்டன. கட்டைகளில் ரெசின், மெட்டல் என இரு வகை உண்டு. மெட்டல் வகை சூட்டையும் மழைச் சேற்றையும் அதிகம் தாங்கும். ஆனால் எங்கள் தட்டுகள் ரெசினுக்கு மட்டுமே உரியவை என்று அவற்றிலேயே குறித்திருந்தது. மெட்டலைப் போட்டால் தட்டு விரைவில் தேய்ந்துவிடும். மழைநீர் இறங்கித் துருவேறியிருந்த கேபிளையும் அதன் உறையையும் மாற்றினார். எங்களுடையது போன்ற கேபிள் பிரேக்குகள் பலவற்றில் ஒரு பக்கத்துக் கட்டைதான் நகர்ந்து தட்டைத் தள்ளும். மறுபக்கத்துக் கட்டையைத் தேய்மானத்துக்கு ஏற்ப நாமே திருகி நெருக்கி வைக்கவேண்டும். வாங்கிய நாள் முதல் அதைத் தொட்டதே இல்லை.

ஹைட்ராலிக் பற்றியும் கேட்டோம். அவர் அதைக் குறைத்துப் பேசவில்லை. ஒரு விரலால் பிடித்தாலே நிற்கும். கட்டை தேயத் தேயத் தானே சரிசெய்துகொள்ளும். நீண்ட மலைச்சரிவுகளில் இறங்குவோருக்கு அது உண்மையாகவே உதவும். ஆனால் அதன் குழாயில் காற்று புகுந்தால் எண்ணெயை முறைப்படி மாற்றவேண்டும். சிலவற்றுக்கு மினரல் ஆயில், சிலவற்றுக்கு டாட் திரவம், ஒன்றுக்கு மற்றொன்றை ஊற்றினால் உள்ளேயுள்ள ரப்பர் கெட்டுவிடும். “தம்பி எங்க ஓட்டுறான்?” என்று மட்டும் கேட்டார். அடிவாரத்தில் என்றோம். சிரித்துக்கொண்டார்.

மொத்தம் 850 ரூபாய். புதுக் கட்டைகள் உடனே முழுப் பிடிப்புத் தராது. ஆள் நடமாட்டமற்ற சாலையில் மிதமான வேகத்தில் சென்று, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் சீராகப் பிடித்து வேகத்தைக் குறைக்கவேண்டும். அப்படி இருபது முறை. அன்று மாலை அஸருக்குப் பின் மகன் அதைச் செய்தான். இருபதாவது முறை, நினைத்த இடத்தில் நின்றது.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டவேண்டும் என்ற நபிமொழியைத் திர்மிதீயில் படித்திருக்கிறோம். கட்டுவதற்குக் கயிறு உறுதியாக இருக்கவேண்டும். பட்டுக் கயிறாக இருக்கவேண்டியதில்லை. சூரா அல்ஃபுர்கானின் 67-ஆம் வசனம் நல்லடியார்களை வருணிக்கையில், அவர்கள் வீண் செலவும் செய்யார், கஞ்சத்தனமும் செய்யார், இரண்டுக்கும் நடுவே நிற்பார்கள் என்கிறது. 850 ரூபாயைச் செலவிடத் தயங்கிப் பிள்ளையை அதே வண்டியில் அனுப்பியிருந்தால் அது கஞ்சத்தனம். அடிவாரத்தில் ஓட்டுபவனுக்கு மலையின் பிரேக்கை வாங்கியிருந்தால் அது வீண். பழுது என்னவென்று பார்ப்பதற்கு முன் விலையைப் பார்த்ததுதான் எங்கள் தவறு.

இத்துடன் முடித்திருக்கலாம். ஆனால் அடுத்த ஞாயிறு செண்பகத்தோப்பிலிருந்து திரும்பி, சைக்கிளைத் துடைத்து நிறுத்திவிட்டு மகன் கேட்டான்: “அத்தா, இப்போது நன்றாகப் பிடிக்கிறது. இப்போது அவனுக்குக் கொடுக்கலாமா?”

பிரேக் கெட்டிருந்த நாளில் ஒரு நொடியில் கொடுக்கத் துணிந்த நாங்கள், அது சரியான நாளில் உடனே பதில் சொல்லவில்லை. விரும்புவதிலிருந்து செலவிடாதவரை நன்மையை அடையமுடியாது என்று ஆலு இம்ரானின் 92-ஆம் வசனம் உணர்த்துவது இதைத்தான் போலும். பொருள் ஒன்றே, பிடித்துப்போன பின்புதான் அது கொடுக்கத் தகுந்ததாகிறது. அப்போதுதான் கை இறுகுகிறது.

அதன் பின் என்ன செய்தோம் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. கொடுத்திருந்தால் அதைச் சொல்லிக்காட்டுவது அந்த நன்மையை அழித்துவிடும். கொடுக்காதிருந்தால் எழுத எங்களுக்கு முகமில்லை. உங்கள் வீட்டில் யாருக்கேனும் கொடுப்பதற்கென்று ஒரு பொருள் மூலையில் ஒதுங்கியிருந்தால், எடுத்துக் கொடுக்கும் முன் ஒருமுறை உங்கள் பிள்ளையிடம் அதைப் பயன்படுத்தக் கொடுத்துப் பாருங்கள். இதை மட்டும் கேட்டுக்கொள்கிறோம்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளையும் பிறர் பிள்ளைகளையும் வழிகளில் பாதுகாப்பானாக. நம் கைகளால் நல்லதையே கொடுக்கச் செய்வானாக. ஆமீன்.