அடுத்த எண்

போளூர்ப் பக்கம் எங்கள் ஊரில், கொள்ளுத் தாத்தாவின் தம்பியான சின்னத் தாத்தாவைப் பற்றி யார் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். பங்காளிச் சண்டையில் கோபித்துக்கொண்டு கடல் தாண்டிக் கரும்புத் தோட்டத்துக்குப் போனார், கல்யாணம் ஆகவில்லை, வாரிசு கிடையாது. அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது மட்டும் பெரியப்பாவின் குரலில் ஓர் அழுத்தம் ஏறும். ஏரிக்கு மேற்கே இருப்பது இன்னும் பாகம் பிரியாத நிலம்.

உள்ளூரில் தேடியபோது கிடைத்ததெல்லாம் நிலத்தின் கதைதான். பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டில் புல எண், மண்ணின் தரம், தீர்வை, பட்டாதாரர் பெயர் எல்லாம் உண்டு. மூத்தவர் பெயரில் பட்டா இருந்தது, அதனால் அவர் இருக்கிறார். தம்பிக்குத் தனிப் பட்டா இல்லை, அவர் இல்லை. பிறகு, கரும்புத் தோட்டங்களுக்கு இங்கிருந்து ஆட்களைக் கொண்டுபோன தென்னாப்பிரிக்க நேட்டாலின் கப்பல் பதிவேடுகளைப் பற்றிக் கேள்விப்பட்டேன். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பன் வந்துசேர்ந்த ட்ரூரோ கப்பல் தொடங்கி, 1911-இல் ஆள் அனுப்புவது நிறுத்தப்படும்வரை, அங்கே போன 1,52,184 பேருக்கும் ஆளுக்கொரு எண் கொடுத்து எழுதிவைத்திருக்கிறார்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம். மூன்றில் இரண்டு பங்குப் பேர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள்.

அவற்றைத் தேடி டர்பனுக்கே போனேன். கடற்கரைக்குப் போகவில்லை. காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட பீட்டர்மாரிட்ஸ்பர்க்கையும் பார்க்கவில்லை. ஆவணக் காப்பகத்தின் வாசிப்பு அறையில் உட்கார்ந்தவன் அங்கேயே கிடந்தேன். சின்னத் தாத்தாவின் பெயர் வட ஆற்காட்டில் தெருவுக்கு நான்கு பேருக்கு இருக்கும் பெயர். அதே பெயரில் பக்கம் பக்கமாக ஆட்கள் வந்தார்கள். தகப்பன் பெயர் பொருந்தினால் ஊர் பொருந்தவில்லை, ஊர் பொருந்தினால் வயது பொருந்தவில்லை.

எதிர் மேசையில் வயதான ஓர் அம்மாள், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, தன் பாட்டனின் வரியைத் தேடிக்கொண்டிருந்தார். பழைய கையெழுத்து மங்கலாக இருக்கிறது, படித்துச் சொல்ல முடியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே போனேன். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி.

"நிறுத்துங்கள்" என்றார். "அதை நான் கேட்கவில்லை."

பதிவேட்டில் இருப்பதைத்தானே படித்தேன் என்றேன். ஒரு கட்டத்தை மூடிவிட்டு எழுதுகிற குடும்ப வரலாறு என்ன வரலாறு என்றும் கேட்டேன். வாசிப்பு அறை என்பதை மறந்து இருவர் குரலும் உயர்ந்தது. "எங்கள் வீட்டில் நான்கு தலைமுறையாக யாருக்கும் அது தெரியாது. என் பேரப் பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டாம். ஒரு காகிதத்தில் ஒரு கட்டத்தில் 'இந்தியர்' என்று எழுதியிருந்ததால்தான் நிறவெறி ஆட்சியில் கேட்டோ மேனரில் என் அப்பா கட்டிய வீட்டைப் பிடுங்கி எங்களைச் சாட்ஸ்வொர்த்துக்குத் துரத்தினார்கள். கட்டங்கள் என்ன செய்யும் என்று எனக்குப் பாடம் நடத்தாதீர்கள். உங்கள் ஊரில் அது முடிந்துவிட்டதா?"

முடியவில்லை என்றுதான் சொல்ல முடிந்தது.

கோபம் தணிந்ததும் அவரே ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். தமிழ் பேசாதவர்கள் எப்படித் தமிழர்கள் என்கிற எண்ணம் எனக்கு அதுவரை இருந்தது. டர்பனில் பார்த்த ஒவ்வொரு கடைப் பெயரும் அந்த எண்ணத்தை வளர்த்திருந்தது. சாட்ஸ்வொர்த்தில் அந்த வீட்டு முற்றத்தில் வேப்பிலைத் தோரணம் கட்டி, பெரிய பானையில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஆடி மாதம் என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஊரில் கேழ்வரகு, அங்கே மக்காச்சோள மாவு. முந்தின நாளே கரைத்துப் புளிக்க வைத்தது. பக்கத்தில் பூசணிக்காய், கீரை, கருவாட்டுக் குழம்பு. அக்கா (அப்படித்தான் கூப்பிடத் தொடங்கியிருந்தேன்) ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ்ப் பாட்டைப் பார்த்து மாரியம்மனுக்குப் பாடினார். உச்சரிப்பு எனக்குப் பழக்கமில்லாதது, ராகம் எங்கள் தெருக்கோடியில் கேட்கிற அதே ராகம். இறந்துபோன பாட்டியை அவர் 'ஆயா' என்றார். எங்கள் பக்கமும் ஆயாதான். அங்கே நின்று இரண்டு சொம்புக் கூழ் குடித்தேன். இவர்கள் தமிழர்களா என்ற கேள்வி அதோடு போயிற்று.

மறுநாள் அக்கா என் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். தனியாள் என்று நினைத்துத் தேடாதே, முன்னும் பின்னும் இருக்கிற எண்களையும் பார், குடும்பமாக வந்தவர்களை அடுத்தடுத்து எழுதியிருப்பார்கள் என்றார். அப்படித்தான் அகப்பட்டார். உம்லாசி கப்பல், 1890-களின் பிற்பகுதி. தகப்பன் பெயர், போளூர் தாலுகா, எங்கள் ஊர், எல்லாம் சரி. இடது புருவத்தின் மேல் வடு. அடுத்த எண்ணில் பத்தொன்பது வயதுப் பெண், அவருடைய மனைவி என்ற குறிப்போடு. அக்காவின் விரல் அவள் வரிமேல் ஊர்ந்தது. பெயர், தகப்பன் பெயர் என்று படித்து, ஒரு கட்டத்தைத் தாண்டிப் போய், கிராமத்தில் நின்றது. ஏரிக்கு அக்கரையில் இருக்கும் ஊர். அடையாளம்: வலது முன்கையில் பச்சை குத்தியிருக்கிறது.

அவர் தாண்டிய கட்டத்தை நான் படித்தேன். சேரி மக்களுக்கு அன்றைய அரசாங்கம் எழுதிய சொல் அங்கே இருந்தது. சின்னத் தாத்தாவின் வரியில் எங்கள் சாதி. பங்காளிச் சண்டை எதற்காக நடந்தது என்று நூறு வருடத்துக்கும் மேலாக எங்கள் வீட்டில் ஒருவரும் சொன்னதில்லை. அக்காவின் கோபம் நியாயமானது, அதை இன்றும் மதிக்கிறேன். ஆனாலும் அந்தக் கட்டத்தை மூடியிருந்தால் அந்த இரண்டு பேரும் எதற்கு ஊரைவிட்டு ஓடினார்கள் என்பது எனக்குத் தெரிந்தே இருக்காது.

அவர்கள் போனது ஐந்து வருட ஒப்பந்தத்தில். முதல் வருடச் சம்பளம் ஆணுக்கு மாதம் 10 ஷில்லிங். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் அங்கேயே தங்குகிறவர்களுக்கு 1895-இல் வருடம் 3 பவுண்டு வரி போட்டார்கள், அதாவது அந்தச் சம்பளத்தில் ஆறு மாதக் கூலி. பெண்களுக்கும் உண்டு. 1914-இல்தான் அதை எடுத்தார்கள். ஒப்பந்தம் முடித்துத் திரும்பிப் போகிறவர்களுக்குக் கப்பல் இலவசம். இவர்கள் இருவரும் திரும்பியதாகப் பதிவு இல்லை. தலைக்கு மூன்று பவுண்டு என்று வந்த வரியைவிட எங்கள் ஊர் அவர்களுக்குப் பெரிய பயமாக இருந்திருக்கிறது.

அவளுக்கு நிலம் கிடையாது, பட்டா கிடையாது. பிறந்த தாலுகாவில் எந்தப் பதிவேட்டைப் புரட்டினாலும் அவள் இருக்கமாட்டாள். அவள் பெயரும், அவளைப் பெற்றவன் பெயரும், கையில் குத்திய பச்சையும் எழுதப்பட்டிருப்பது டர்பனில் மட்டும்தான். அந்த வரியின் நகலை வாங்கி வந்திருக்கிறேன்.

பெரியப்பாவிடம் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். வெகுநேரம் கழித்து, "பிள்ளைகள் இருந்ததாக எழுதியிருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார். அதைத்தான் அக்கா அங்கே தேடிக்கொண்டிருக்கிறார், பிறப்புப் பதிவுகளில் தாய் தகப்பனின் எண்களும் இருக்கும் என்றேன். வரும் ஞாயிற்றுக்கிழமை ஏரியைச் சுற்றி அக்கரை ஊருக்குப் போகிறேன், அவள் தகப்பன் பெயரைச் சொல்லி அங்கே விசாரிக்க வேண்டும், நீங்களும் வாருங்கள் என்று கூப்பிட்டேன். வரவில்லை என்றார். நான் போகிறேன்.