பிறர் நம்மிடம் ஒப்படைத்தவை

துணிக்கடையிலும் மருந்துக் கடையிலும் பணம் செலுத்துமிடத்தில் இன்று முதலில் கேட்கப்படுவது நமது கைப்பேசி எண். பத்து இலக்கங்களையும் தயக்கமின்றிச் சொல்லிவிட்டுப் பையை வாங்கிக்கொண்டு வருகிறோம். அந்த எண்ணோடு நாம் வாங்கிய பொருளும் சேர்ந்தே பதிவாகிறது. மாதந்தோறும் சர்க்கரை நோய்க்கு மாத்திரை வாங்குபவர் யார், குழந்தை உணவு வாங்கத் தொடங்கியுள்ள வீடு எது என்பதெல்லாம் சில மாதங்களில் புலனாகிவிடும். எண் தந்தால்தான் பில் போட முடியும் என்று வற்புறுத்தலாகாது என 2023 மே மாதத்தில் நடுவண் அரசின் நுகர்வோர் நலத்துறை வணிகர்களுக்கு அறிவுறுத்தியது. இதனை அறிந்தவர்களாக நான் சந்தித்தவர்கள் மிகச் சிலரே.

"மறைப்பதற்கு என்னிடம் என்ன இருக்கிறது, சாமி?" என்று கேட்போர் உண்டு. அவர்கள் நேர்மையானவர்கள், ஐயமில்லை. ஆயினும் அக்கேள்வியில் ஒன்று விடுபட்டுப் போகிறது. நம் கையிலுள்ள தகவல்களில் பெரும்பகுதி நம்முடையது அன்று.

2018 மார்ச் மாதத்தில் வெளிச்சத்துக்கு வந்த ஃபேஸ்புக் - கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் இதற்குச் சான்று. ஒருவரது ஆளுமையைக் கணித்துச் சொல்வதாகக் கூறிய செயலி ஒன்று, அதில் சேர்ந்தவர்களின் விவரங்களை மட்டுமின்றி, அவர்களுடைய ஃபேஸ்புக் நண்பர்களின் விவரங்களையும் திரட்டியது. அவை தேர்தல் பரப்புரைக்கு உதவும் நிறுவனமொன்றின் கைக்குச் சென்றன. உலகெங்கும் 8 கோடியே 70 லட்சம் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று ஃபேஸ்புக்கே கணக்குச் சொன்னது. அக்கணக்கின்படி, இந்தியாவில் அச்செயலியை நிறுவியவர்கள் 335 பேர். பாதிக்கப்பட்டிருக்கக் கூடியவர்களோ 5,62,455 பேர். முந்நூற்றுச் சொச்சம் பேர் இசைவு தந்தனர். ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை. 2019-இல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் ஃபேஸ்புக்குக்கு 500 கோடி டாலர் தண்டம் விதித்தது. ஆனால் சென்ற தகவலை எந்தத் தண்டத்தால் திரும்ப அழைக்க இயலும்?

இக்கணக்கு எனக்கு வெறும் செய்தியாக நின்றுவிடவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பங்கின் திருவிழாவை ஒட்டி, ஒரு நிறுவனத்தின் முகவர் என்னைக் காண வந்தார். பந்தல் செலவு முழுவதையும் தாங்களே ஏற்பதாகச் சொன்னார். கைம்மாறாக அவர் கேட்டது எங்கள் குடும்பப் பதிவேட்டின் படி ஒன்றுதான். பங்குப் பேரவையில் சிலர், "போன் நம்பர்தானே சாமி, ஊருக்கே தெரிந்ததுதானே" என்றனர். அவர்கள் கருதியது பங்கின் நன்மையையே. ஆனால் அப்பதிவேட்டில் எண்கள் மட்டுமா இருக்கின்றன? எந்த வீட்டில் நோயாளி படுக்கையில் இருக்கிறார், எங்கே திருமண வயதில் பெண் இருக்கிறாள், யார் கணவனைப் பிரிந்து வாழ்கிறாள் என்பதெல்லாம் இருக்கின்றன. மக்கள் அவற்றைச் சொன்னது தங்கள் மேய்ப்பனிடம், வணிகரிடம் அன்று. நான் இணங்கவில்லை. அவ்வாண்டு பந்தல் சிறியதாயிற்று. வருத்தப்பட்டவர்களும் இருந்தனர்.

திருச்சபை இதனை நெடுநாளாகவே உணர்ந்துள்ளது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏடு, உணவு, உடை, உறைவிடம் ஆகியவற்றைக் கூறும் அதே வரிசையில் தனிவாழ்வின் பாதுகாப்பையும் மனித உரிமையாக 1965-லேயே வைத்தது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 220-ஆம் சட்டம், ஒருவரது நற்பெயரையும் அந்தரங்கத்தையும் ஒருசேரக் காக்கிறது. நம் நாட்டிலோ, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023-இல் தனிநபர் தகவல் பாதுகாப்புக்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. தவறும் நிறுவனங்களுக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க அதில் இடமுண்டு.

ஆயினும், தனிமனிதர் தம் சொந்தத் தேவைக்காகக் கையாளும் தகவல்களை அச்சட்டம் தொடுவதில்லை. நமது கைப்பேசியில் நாம் குறித்து வைத்துள்ள பெயர்களும் எண்களும் அத்தகையவையே. அங்கே காவல் நிற்க வேண்டியது நம் மனச்சான்று ஒன்றே. வட்டிக்குப் பணம் தரும் சில செயலிகள் இந்தக் காவலற்ற இடத்தில்தான் நுழைந்தன. கடன் வாங்கியவரின் தொடர்புப் பட்டியலை எடுத்துக்கொண்டு, அவருடைய உறவினரையும் நண்பரையும் அழைத்து அவமானப்படுத்தின. கடன் வழங்கும் செயலிகள் அப்பட்டியலை அணுகக் கூடாதென ரிசர்வ் வங்கி 2022-இல் நெறிமுறை வகுத்தது இதனால்தான்.

எனவே, கடையில் எண் கேட்டால், "தர விருப்பமில்லை" என்று பணிவுடன் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. புதிய செயலி ஒன்று உங்கள் தொடர்புகளைக் காண அனுமதி கேட்டால், பொத்தானை அழுத்துமுன் அப்பட்டியலை ஒருமுறை பாருங்கள். அடிக்கும் கணவனிடமிருந்து தப்பித் தங்கை வீட்டில் அடைக்கலம் புகுந்த ஒருத்தியின் புதிய எண் அதில் இருக்கலாம். உங்களை நம்பி அவள் அதைத் தந்தாள். அதைப் பிறருக்குத் தர நமக்கு உரிமை தந்தவர் யார்?