பதினான்காம் எண்ணுக்கு நாங்கள் வைக்காத பெயர்

பதினான்காம் எண் சட்டைக்காரனைப் பற்றி எங்கள் நால்வருக்குள் இன்றுவரை உடன்பாடு ஏற்படவில்லை. இலக்கியத்தில் எத்தனையோ சண்டைகளை நாங்கள் போட்டு முடித்திருக்கிறோம். புதுமைப்பித்தனா மௌனியா என்ற சண்டைகூட வயது ஏற ஏறத் தணிந்துவிட்டது. ஆனால் 2006ஆம் ஆண்டு ஒரு மாலை வேளையில், ஒரு சிமென்ட் தரையில், ஐந்து நொடிகள் அவன் ஏன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான் என்ற கேள்வி மட்டும் எப்போது கூடினாலும் எங்களுக்கு நடுவே வந்து அமர்ந்துவிடுகிறது.

ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருந்த ஒரு கல்லூரியில் நாங்கள் படித்தோம். வகுப்பறை ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும். மழைக்காலத்தில் மலை தெரியாது, அது இருந்த இடத்தில் ஒரு வெண்மை மட்டும் இருக்கும். கல்லூரியின் மேற்குப் பக்கத்தில் கூடைப்பந்துத் தளம். அதை ஒட்டி ஏழு படிகள் கொண்ட கேலரி. அந்தக் கேலரியின் மேல் மூன்று படிகள் எங்களுடையவை என்று நாங்களே முடிவு செய்திருந்தோம். எங்களைச் சுற்றி இன்னும் முப்பது, நாற்பது மாணவர்கள். கையில் தகர டப்பா, ஒரு பழைய தப்பு, பேனா மூடியில் செய்த விசில்கள்.

கிரிக்கெட் கோலோச்சும் நாட்டில் கூடைப்பந்துக்கு ஒரு கேலரி இருந்ததே ஆச்சரியம்தான். 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நைஸ்மித் பீச் பழக் கூடைகளை மேல்மாடத்தின் விளிம்பில் அறைந்து தொடங்கிய இந்த ஆட்டம் நம் ஊர்களுக்கு வந்ததில் ஒய்.எம்.சி.ஏ.வுக்குப் பெரும் பங்கு உண்டு. ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரியில் பயின்று வெளியேறிய ஆசிரியர்கள் இந்த ஆட்டத்தையும் தங்கள் விசிலோடு சேர்த்து மாவட்டங்களுக்கு எடுத்துச் சென்றார்கள். எங்கள் உடற்பயிற்சி ஆசிரியரும் அந்த வழியில் வந்தவரே. பந்து வளையத்துக்குள் விழுவதைவிட, விழுவதற்கு முன் எத்தனை கைகள் மாறியது என்பதுதான் அவருக்கு முக்கியம்.

நாங்கள் ஆடத் தெரியாதவர்கள். ஆகவே அபிப்பிராயம் சொன்னோம். சிற்றிதழ்களைப் படித்துக்கொண்டு கேலரியில் உட்கார்ந்திருந்த நாங்கள், ஆட்டக்காரர்களுக்கு எழுத்தாளர்களின் பெயர்களைச் சூட்டத் தொடங்கினோம். நான்காம் எண் அணித்தலைவன், யாரிடமும் பேச மாட்டான், ஓர் ஆட்டத்தில் நான்கைந்து முறைதான் கூடையை நோக்கி எறிவான், எறிந்தால் வியப்பாக இருக்கும். அவன் மௌனி. ஏழாம் எண் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடும்போது தரைக்கே வலிக்காது. அவன் தி.ஜா. ஒவ்வொரு பவுலுக்கும் நடுவரிடம் போய் இரண்டு கைகளையும் விரித்து வாதாடும் பதினைந்தாம் எண், சந்தேகமே இல்லாமல் ஜெயகாந்தன். அக்காலத்தில் சர்வதேச விதிப்படி சட்டை எண்கள் நான்கிலிருந்து பதினைந்து வரை மட்டுமே. ஒன்று, இரண்டு, மூன்று என்ற விரல்களை நடுவர் புள்ளிகளைக் காட்டப் பயன்படுத்துவதால் அந்த எண்கள் சட்டையில் வருவதில்லை. 2014இல்தான் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. ஆக, பன்னிரண்டு சட்டைகள். பதினொன்றுக்கு நாங்கள் எழுத்தாளர்களைக் கண்டுபிடித்துவிட்டோம்.

பன்னிரண்டாவது, பதினான்காம் எண். அவன் எங்களுக்கு இரண்டு வருடம் இளையவன், மலைமேலிருந்து வந்தவன். உயரம் அதிகமில்லை. ஆனால் தாவினால் காற்றில் ஒரு கணம் தங்குவான். கல்வி உதவித்தொகைப் பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டபோது எங்களில் ஒருவர் அவன் பெயருக்கு எதிரே 'மலையாளி' என்று எழுதியிருந்ததைப் பார்த்தார். அவ்வளவுதான். அன்று மாலையே அவன் 'சேட்டன்' ஆனான். கேரளத்துப் படகுப் போட்டிப் பாட்டின் தாளத்தில் தகர டப்பாவைத் தட்டி "சேட்டா, சேட்டா" என்று முழங்கக் கற்றுக்கொண்டோம். முழக்கம் மிக நன்றாக அமைந்துவிட்டது. எதிரணிக் கல்லூரிகளில் இருந்து வந்தவர்கள்கூட அதை ரசித்துத் தங்கள் ஊருக்கு எடுத்துச் சென்றார்கள்.

மலையாளி என்பது ஜவ்வாது மலையிலும் ஏலகிரியிலும் கல்வராயனிலும் சேர்வராயனிலும் வாழும் ஒரு பழங்குடியின் பெயர். அரசின் பட்டியலில் உள்ள பெயர். மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்று பொருள் சொல்வார்கள். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் தங்கள் முன்னோர் என்பது அவர்களிடையே வழங்கும் கதை. அவர்கள் பேசுவது தமிழ். கேரளத்துக்கும் அவர்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஜன்னலைத் திறந்தால் தெரிந்த மலையில் யார் வாழ்கிறார்கள் என்று தெரியாமலேயே, தஞ்சாவூர்க் கிராமத்து வீதிகளைத் தி.ஜானகிராமனின் நாவல்கள் வழியே மனப்பாடமாக அறிந்தவர்களாக நாங்கள் இருந்தோம்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். அறியாமை என்று இதை முடித்துவிட முடியாது. இரண்டாம் பருவம் தொடங்கியபோது விடுதியில் இருந்த இன்னொரு மலை மாணவர் எங்களுக்கு இதை விளக்கிச் சொன்னார். கேட்டுக்கொண்டோம். "அப்படியா" என்றோம். அடுத்த ஆட்டத்தில் மீண்டும் டப்பாவைத் தட்டினோம். முழக்கம் நன்றாக இருந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

அந்த ஆண்டு மண்டல இறுதி ஆட்டம் எங்கள் தளத்திலேயே நடந்தது. கடைசி நான்கு நொடிகள். நாங்கள் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். பதினான்காம் எண் வளையத்தை நோக்கித் தாவும்போது எதிரணிக்காரர் அவன் கையைத் தட்டிவிட, அவனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. இரண்டும் விழுந்தால் கோப்பை. ஃப்ரீ த்ரோ கோட்டிலிருந்து போர்டு வரை 4.6 மீட்டர், வளையத்தின் உயரம் 3.05 மீட்டர். பயிற்சியில் அவன் பத்துக்கு எட்டு போடுவான். எங்கள் கணக்குநோட்டில் அது பதிவாகியிருந்தது.

பொதுவாக எதிரணி எறியும்போது கத்துவதும் நம்மவர் எறியும்போது மூச்சடக்கி இருப்பதும்தான் கேலரியின் மரபு. அன்று உணர்ச்சிப் பெருக்கில் எங்களுக்கு மரபு மறந்துவிட்டது. அவனுக்குத் தெம்பூட்டுவதாக நினைத்து முழக்கத்தைத் தொடங்கினோம். நாற்பது பேர், ஒரே தாளம். நடுவர் பந்தை அவன் கையில் கொடுத்தார். அவன் பந்தைத் தரையில் தட்டவில்லை. வளையத்தைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தான். பந்து கைக்கு வந்த ஐந்து நொடிகளுக்குள் எறிந்துவிட வேண்டும் என்பது விதி. அவன் எறியவில்லை. விசில் ஊதப்பட்டது. முதல் வாய்ப்பு போயிற்று.

கேலரி சட்டென்று அடங்கிவிட்டது. அந்த மௌனத்தில் இரண்டாவது பந்தை, வளையத்தைத் தொடாமல், வலை மட்டும் அசைய உள்ளே போட்டான். ஆட்டம் சமநிலை. கூடுதலாகக் கொடுத்த ஐந்து நிமிடத்தில் ஆறு புள்ளிகளில் தோற்றோம்.

அன்றிரவு தேநீர்க் கடையில் எங்கள் விமர்சன அரங்கு கூடியது. பதற்றத்தில் நொடிகளை எண்ண மறந்துவிட்டான் என்றார் ஒருவர். நெஞ்சுரம் இல்லாதவன் என்றார் இன்னொருவர். வேண்டுமென்றே செய்தான், அணிக்குத் துரோகம் என்றார் மூன்றாமவர். நான்காமவர் மட்டும் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவன் நம்மை நிறுத்தச் சொன்னான்" என்றார். அதை நாங்கள் அப்போது ஏற்கவில்லை. அடுத்த ஆண்டு அவன் அணியில் இல்லை. ஏன் என்று நாங்கள் விசாரிக்கவும் இல்லை.

வெகுகாலம் கழித்து, அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைப் பற்றிப் படித்தபோது அந்த மாலை திரும்பி வந்தது. அங்குள்ள கேமரன் உள்ளரங்கில் மாணவர் பகுதி மிகப் புகழ் பெற்றது. ஆட்டத்துக்கு இடம்பிடிக்க வாரக்கணக்கில் கூடாரம் அடித்துத் தங்குவார்கள். 1984 ஜனவரியில் மேரிலாண்ட் அணி ஆட வந்தபோது, ஓர் ஆட்டக்காரர் மீதிருந்த குற்றச்சாட்டை வைத்து அவரை மாணவர்கள் அருவருக்கத்தக்க விதத்தில் கேலி செய்தார்கள். பல்கலைக்கழகத் தலைவர் டெர்ரி சான்ஃபோர்டு தண்டனை எதுவும் அறிவிக்கவில்லை. மாணவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒரு மாமன் மருமக்களுக்கு எழுதுவது போன்ற கடிதம், கையெழுத்தும் அப்படியே. அடுத்து வட கரோலினாவுடன் நடந்த ஆட்டத்துக்கு மாணவர்கள் தலையில் தேவதைகளின் ஒளிவட்டம் மாட்டிக்கொண்டு வந்தார்கள். நடுவரின் முடிவு பிடிக்காதபோது வசவுக்குப் பதிலாக, தாங்கள் பணிவோடு மாறுபடுவதாக ஒரே குரலில் முழங்கினார்கள். கேலியை விடாமலே இழிவை விட்டுவிட முடியும் என்பதற்கு அது ஒரு சான்று. எங்களுக்கும் ஒரு கடிதம் வந்தது என்று இப்போது தோன்றுகிறது. அது ஐந்து நொடி நீளம் கொண்டது. எங்களுக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் காவலூர் வானாய்வகத்தைப் பார்க்க நால்வரும் சேர்ந்து கிளம்பினோம். ஆலங்காயம் வழியாக மலையேறினோம். வைணு பாப்புவின் பெயர் தாங்கிய 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கே 1986இலிருந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மறுநாள் ஜமுனாமரத்தூர் போனோம். கடைத்தெருவில் சாமையும் தேனும் புளியும் விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒரு தேநீர்க் கடை வாசலில் நின்றிருந்தபோது இருசக்கர வண்டி ஒன்று எங்களைத் தாண்டிப் போய், நின்று, திரும்பி வந்தது.

"வாங்கண்ணா. மலைக்கு வந்திருக்கீங்க, சொல்லவே இல்லையே" என்றான். கொஞ்சம் பருத்திருந்தான். முன்நெற்றி ஏறியிருந்தது. நிற்கும் விதம் மட்டும் அப்படியே, குதிகால் தரையில் சரியாகப் படாமல்.

வீட்டுக்கு அழைத்துப் போனான். பலா மரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார வைத்தான். அவனுடைய அம்மா சாமைச் சோறு போட்டார். வீட்டுக்குப் பின்னால் ஒரு மரத்தில் இரும்பு வளையம் ஒன்று அடிக்கப்பட்டிருந்தது. சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்கு மாலையில் சொல்லிக் கொடுப்பதாகச் சொன்னான். மண் தரையில் பந்து சரியாக எழும்பாது, அதனால் இங்கே பிள்ளைகள் தட்டுவதைவிடக் கைமாற்றுவதைத்தான் முதலில் கற்கிறார்கள் என்றான். எங்கள் உடற்பயிற்சி ஆசிரியர் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். பேச்சு அனிதா பால்துரையிடம் போயிற்று. இந்திய மகளிர் அணிக்குத் தலைமை தாங்கியவர், 2017இல் பெங்களூரில் ஆசியக் கோப்பையின் 'பி' பிரிவை வென்ற அணியில் ஆடியவர், 2021இல் பத்மஸ்ரீ பெற்றவர். "அவங்க பேரு இங்க இருக்கற எல்லாப் பிள்ளைங்களுக்கும் தெரியும்ணா. நான் எழுதிப் போட்டிருக்கேன்" என்று சுவரைக் காட்டினான். கரியால் எழுதிய பெயர்.

அந்த ஐந்து நொடிகளைப் பற்றிக் கேட்க எங்களுக்குத் துணிவு வரவில்லை. அவனும் அந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. கிளம்பும் நேரத்தில், வண்டிச் சாவியைக் கையில் சுழற்றிக்கொண்டே, கோபம் சிறிதும் இல்லாத குரலில் கேட்டான்:

"எல்லாருக்கும் பேரு வெச்சீங்களேண்ணா. மௌனி யாரு, தி.ஜா. யாருன்னு தெரிஞ்சிக்க லைப்ரரியில போய்த் தேடிப் படிச்சேன். ஏழாம் நம்பருக்கு வெச்ச பேரு ரொம்பப் பொருத்தம். என்னை மட்டும் ஏன்ணா விட்டுட்டீங்க?"

எங்களில் யாரும் பதில் சொல்லவில்லை. பதில் இருந்தது. எங்கள் கண்ணுக்கு மற்ற பதினொரு பேரும் ஆட்டக்காரர்களாகத் தெரிந்தார்கள், அவர்கள் ஆடும் விதத்துக்குப் பெயர் வைத்தோம். அவன் எங்களுக்கு ஒரு பட்டியலில் இருந்த சொல்லாக மட்டுமே தெரிந்தான். அவன் எப்படி ஆடினான் என்று நாங்கள் பார்க்கவே இல்லை. பத்துக்கு எட்டு என்று எண்ணியிருக்கிறோம், அவ்வளவுதான்.

இறங்கும் பேருந்தில் ஒருவர், இப்போதாவது அவனுக்கு ஒரு பெயர் வைப்போம் என்றார். அசோகமித்திரன் என்றார் இன்னொருவர், அந்தக் குரலின் சமநிலைக்காக. வண்ணதாசன் என்றார் மூன்றாமவர். நான்காமவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, அவனுக்குத்தான் ஒரு பெயர் இருக்கிறதே என்றார். இருந்தது. அன்று காலைதான் அதை முதல்முறையாக முழுதாகக் கேட்டிருந்தோம், அவனுடைய அம்மா சாப்பிடக் கூப்பிட்டபோது.

அதன்பின் பேருந்து அடிவாரத்தை அடையும்வரை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.