மின்சாரம் போன இரவில் ஒரு மீன்தொட்டி

மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம் வற்றும் காலங்களில் பழைய மஸ்கெலியாவின் கோயில், விகாரை, பள்ளிவாசல் ஆகியவற்றின் எச்சங்கள் தலைகாட்டும். 1969இல் அணை நிறைவுற்றபோது நீருக்குள் போன நகரம் அது. என் தந்தையார் அங்கே சிறியதொரு தையற்கடை வைத்திருந்தார். கடைவாசலில் அவர் நிற்கும் ஒரேயொரு புகைப்படம், புதிய நகரில் வாழும் என் அக்காவின் வீட்டில், தகரப்பெட்டி ஒன்றில் இருந்தது. அப்படத்தை நான் நீரில் மூழ்கடித்த கதையைத்தான் இன்று எழுத வந்தேன்.

பத்திரிகைப் பணியிலிருந்து ஓய்வுபெற்றவனுக்கு ஏதாவதொரு பைத்தியம் வேண்டுமல்லவா? எனக்கு வாய்த்தது மீன்தொட்டி. மருமகனுக்காக அக்கா வீட்டில் நான்கடித் தொட்டியொன்றை அமைத்தேன். நடுவதற்கு கிரிப்டோகோரைன் செடிகள். உலகெங்கும் தொட்டிகளில் வளர்க்கப்படும் இவ்வினத்தின் பல வகைகள் இலங்கைக்கே உரியவை. நீந்துவதற்கு செரி பார்ப் மீன்கள். 1929இல் தெரணியகல விவரித்த, களனி கங்கைப் படுகையிலும் வாழும் செந்நிறச் சிறுமீன். மஸ்கெலியா ஓயாவும் களனியின் தாய்களில் ஒன்றுதானே! ஆயினும் இவை தாழ்நாட்டு உயிர்கள். மலைக்குளிருக்கு ஹீட்டர் தேவை. அதனையும் வடிகட்டியையும் கண்ணுக்குத் தெரியாமல் வைக்க, கீழே அலுமாரிக்குள் இரண்டாவது தொட்டி, அதாவது சம்ப்.

இதன் இயக்கம் எளியது. மேல்தொட்டியின் மூலையிலுள்ள கண்ணாடித் தடுப்பின் விளிம்பைத் தாண்டி வழியும் நீர் குழாய்வழி கீழே இறங்கும். ஸ்பொஞ்சிலும் நுண்ணுயிர் குடியேறும் கற்களிலும் புகுந்து தெளியும். கடைசி அறையிலுள்ள பம்ப் அதனை மீண்டும் மேலே அனுப்பும். பம்ப் ஓடும்வரை எல்லாம் அழகு. என் பிழை அங்கேதான் தொடங்கியது: ஓடும்போது எப்படி இருக்கும் என்பதை மட்டுமே கணக்கிட்டேன்.

சலசலப்புக் கேட்கக்கூடாதென்று, மேலே திரும்பும் குழாயின் வாயை நீர்மட்டத்துக்கு 8 சென்ரிமீற்றர் கீழே வைத்தேன். இடம் வீணாகிறதே என்று சம்பையும் ஏறக்குறைய விளிம்புவரை நிரப்பினேன். பம்ப் நின்றால் அதே குழாய் எதிர்த்திசையில் நீரை இழுக்கும். வாய் காற்றைக் காணும்வரை விடாது. அத்தொட்டியில் ஒரு சென்ரிமீற்றர் உயரமென்பது 5.4 லீற்றர். ஆக 43 லீற்றர் கீழே வரும். சம்பில் இருந்த இடமோ 10 லீற்றருக்குத்தான்.

2022 மார்ச் இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்நாட்களில் ஓரிரவு, இருட்டில், 30 லீற்றருக்கும் மேலான நீர் அலுமாரிக்குள் பெருகியது. சம்புக்குப் பக்கத்திலேயே தகரப்பெட்டி. மின்சாரத்துக்காக மூழ்கிய நகரத்தின் படம், மின்சாரம் இல்லாததால் மூழ்கியது. கெனியன் மின்நிலையத்துக்கு நீர் கொடுக்கும் ஊரில் இது நடந்ததென்று சொன்னால் சிரிப்பீர்கள். அக்கா சிரிக்கவில்லை. என்னைத் திட்டவுமில்லை, அதுதான் தாளவில்லை.

காயவைத்தபோது தந்தையாரின் முகமும் ஒரு தோளும் மிஞ்சின. கடைப்பலகை இருந்த பக்கம் பால்போல் வெளுத்துவிட்டது.

அடுத்த மாதம் எல்லாவற்றையும் கழற்றிப் புதிதாகச் செய்தேன். திரும்பும் குழாயின் வாயை 2 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு உயர்த்தினேன். காற்றுப் புகச் சிறு துளையிட்டால் போதுமென்பார்கள். பாசியும் நத்தையும் அடைத்துவிடும் துளையை நம்பி வீட்டை விடலாமா? 40 சென்ரிமீற்றர் உயரமான சம்பில் இப்போது 22 வரைதான் நீர். மிச்சம் 47 லீற்றருக்கு வெற்றிடம். அந்த மட்டத்தில், அக்காவின் சிவப்பு நகப்பூச்சினால் ஒரு கோடு.

வழிவதற்கும் இரண்டு குழாய்கள் வைத்தேன். ஒன்று வால்வால் கட்டுப்படுத்தப்பட்டு, காற்றை விழுங்காமல் முழுக்க நீராக ஓசையின்றி இறங்கும். மற்றது சற்று உயரத்தில் சும்மா நிற்கும். முதலாவதை இலை அடைத்தால் அது வேலைசெய்யும். இரண்டுமே அடைபட்டால்? பம்ப் தன் அறையிலுள்ள 10 லீற்றரை மட்டுமே மேலே ஏற்ற முடியும். மேல்தொட்டி 2 சென்ரிமீற்றர்கூட உயராது. அதற்காக விளிம்பில் 4 சென்ரிமீற்றர் விட்டிருக்கிறேன்.

செடித்தொட்டிக்கு இன்னுமொரு கவனம் உண்டு. நீர் உயரத்திலிருந்து கொட்டினால், செடிகளுக்கென்று கரைத்த கரியமிலவாயு பறந்துவிடும். ஆகவே தடுப்புக்குள்ளும் நீரை உயர்த்தி, வீழ்ச்சியை இரு விரலளவாக்கினேன். இறங்கும் குழாயின் நுனியையும் நீருக்குள் அமிழ்த்தினேன். இடமாற்றத்தில் கிரிப்டோகோரைன் இலைகளெல்லாம் கரைந்துபோயின. பிடுங்காதே என்று மருமகனிடம் சொல்லிவைத்தேன். கிழங்கிலிருந்து மீண்டும் துளிர்த்தன.

"பாதித் தொட்டி வெறுமனே கெடக்கே, தம்பி, ரொப்பக் கூடாதா?" என்று அக்கா கேட்டார். எதற்கென்று விளக்கினேன். மழைக்கு முன்பே அணையில் இடம் வைத்திருப்பார்களே, அதுமாதிரியா என்றார். அவருக்குப் புரியவைக்க எனக்கு அதைவிட நல்ல உவமை கிடைத்திருக்காது.

தகரப்பெட்டி இப்போது உயரத் தட்டில் இருக்கிறது. மருமகன் மாதம் ஒருமுறை வேண்டுமென்றே பிளக்கைக் கழற்றி, நீர் எங்கே வந்து நிற்கிறதென்று பார்ப்பான். "ஒரு கையகலத்துக்கு மேல எடம் இருக்கு, மாமா" என்று போன வாரமும் தொலைபேசியில் சொன்னான்.