மூன்று தோட்டாக்களோடு போனவர்

1907-ம் ஆண்டு. குமாவுன் மலைப்பகுதியில் இருக்கும் சம்பாவத். ஆட்கொல்லிப் புலியைத் தேடிவந்த ஜிம் கார்பெட்டின் கையில் .500 ரைஃபிள். எடுத்துப்போனது மொத்தமே மூன்று தோட்டாக்கள். இரண்டு சுடுவதற்கு, ஒன்று அவசரத்துக்கு என்பது அவர் போட்ட கணக்கு. முதல் குண்டு தவறியது. அடுத்த இரண்டும் புலிமேல் பட்டன. ஆனாலும் அது விழவில்லை. திரும்பி அவரையே பார்த்தது. துப்பாக்கியோ காலி!

ஓடிப்போய் தாசில்தாரின் பழைய துப்பாக்கியை வாங்கிவந்தார். புலியின் வாயைக் குறிவைத்தார். குண்டு பட்டதோ முன்னங்காலில். நல்லவேளை, முந்தைய காயங்களாலேயே புலி சாய்ந்துவிட்டது. 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட பெண் புலி அது.

அருகில் போய்ப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. அதன் வலப்பக்கத்துக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. என்றோ, யாரோ சுட்டதில் ஏற்பட்ட காயம். வழக்கமான இரையைக் கொல்ல முடியாமல் போனதால்தான் அது மனிதர்கள் பக்கம் திரும்பியது என்று கார்பெட் பின்னாளில் எழுதினார்.

இந்த வேட்டைக்காக, ஐக்கிய மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னர் சர் ஜான் ஹெவெட் அவருக்கு ஒரு .275 ரிக்பி ரைஃபிளைப் பரிசளித்தார். பரிசாக வந்ததுதான் என்றாலும், கார்பெட்டிடம் இருந்த குறையை அது சரியாக நிரப்பியது. மலையேறி நாள் முழுக்க நடப்பவருக்குத் தோள் வலிக்காத எடை. தூரத்தில் நிற்கும் விலங்கையும் குறி பிசகாமல் அடிக்கலாம். ஐந்து தோட்டாக்களை நிரப்பிக்கொள்ளலாம். ஆனால், ஒவ்வொரு முறை சுட்டதும் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டும். புதருக்குள்ளிருந்து புலி பாய்ந்தால் அதற்கு நேரம் ஏது?

அந்த நேரத்துக்கென்றே அவரிடம் இன்னொன்று இருந்தது. .450/400 இரட்டைக் குழல் ரைஃபிள். .275-ன் குண்டு சுமார் 9 கிராம் என்றால், இதன் குண்டு சுமார் 26 கிராம். அடுத்தடுத்து இரண்டு முறை உடனே சுடலாம். தூக்கிச் சுமப்பதுதான் பாடு.

தேங்காய் உடைக்க ஓர் அரிவாள், வெங்காயம் நறுக்க ஒரு கத்தி. வீட்டில் இரண்டும் வேண்டும். அரிவாள் இருக்கும்போது இன்னோர் அரிவாள் எதற்கு? தோட்டா விஷயத்திலும் இதே கணக்குதான். இருப்பதைவிடப் பெரிதா என்பதல்ல, இருப்பது செய்யாத வேலையை இது செய்யுமா என்பதே கேள்வி.

1926-ல் ருத்ரபிரயாக் சிறுத்தையை இருட்டில் வீழ்த்தியது .275. 1938-ல் தாக் கிராமத்துப் புலி நெருங்கி வந்தபோது கையில் இருந்தது கனமான இரட்டைக் குழல். சுட்ட வேகத்தில் அது உதைத்த உதையில், பாறை விளிம்பில் உட்கார்ந்திருந்த 63 வயது கார்பெட் கீழே விழுந்தார். புலி எழவே இல்லை.

பிற்காலத்தில் அவர் துப்பாக்கியைவிட சினிமா கேமராவையே அதிகம் விரும்பினார். 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பொழுதுபோக்கு வேட்டைக்கு இன்று இந்தியாவில் இடமில்லை. வேட்டை அனுமதிக்கப்படும் நாடுகளில் இன்றும் புதுத் தோட்டா தேர்ந்தெடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒருமுறை அந்த உடைந்த பற்களை நினைத்துக்கொள்வது நல்லது. யாரோ அரைகுறையாகச் சுட்ட ஒரு குண்டுக்கு உயிரை விலையாகக் கொடுத்தவர்கள், துப்பாக்கியையே தொடாத கிராமத்து மக்கள்.